அம்மனுக்கு ஒரு அட்டைக் காசோலை

பெஸ்தாரி ஜெயா,
கோல சிலாங்கூர் மாவட்டம், மலேசியா.
26.8.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான், தவில்காரத் தம்பி, அம்மன். நீங்கள் அனுப்பிய துளசேந்திரபுரம் படங்களைப் பார்த்தேன். தன் தாத்தா ஊரின் பேனரில் கமலா ஹாரிஸ் சிரிக்கிறார், பக்கத்தில் தர்மசாஸ்தா கோயில், முன்னால் நம்ம ஊர்ப் பெண்கள் கையில் அர்ச்சனைத் தட்டு. மன்னார்குடிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊருக்கு ஒழுங்கான பஸ் வருவதற்கு முன்னால் அமெரிக்கத் தேர்தல் வந்துவிட்டது.

படத்துக்குக் கீழே குரல் பதிவில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். "அமெரிக்காக்காரனுக்குச் சாமியும் காசும் இல்லாமல் ஓட்டே விழாதாமே, நீ இருக்கிற சீமையில் எப்படிடா?" என்று. குரலிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் பெர்மிட்டில் இருக்கிற ஆள். நாதஸ்வரம் வாசிக்கத்தான் பெர்மிட், நாக்கை நீட்ட இல்லை. வாட்ஸ்அப் பதிவு கைமாறிக் கைமாறிக் கோயில் தலைவர் காதுக்கே வந்து சேரும். கடிதம்தான் பத்திரம். அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள், டீக்கடையில் வேண்டாம்.

முதலில் அமெரிக்காவை முடித்துவிடுகிறேன். எங்கள் கோயில் செயலாளர் தோட்டத்துக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் கணக்குப் பதியும் செக்ரோல் எழுதிய கை, கணக்கு இல்லாமல் பேசமாட்டார். காலையில் பசியாறிவிட்டு வந்து கோயில் திண்ணையில் உட்கார்ந்தால் அமெரிக்க அரசியல்தான். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: இந்த வருஷம் மார்ச்சில் டிரம்ப் பைபிள் விற்கப் புறப்பட்டார், விலை 59.99 டாலர், உள்ளே அமெரிக்க அரசியல் சாசனத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இங்கத்துப் பணத்தில் அப்போது கிட்டத்தட்ட 280 வெள்ளி. "அந்தக் காசுக்கு நம்ம கோயில்ல ஒரு வெள்ளிக்கிழமை உபயமே எடுத்துடலாம் தம்பி, சுண்டலோட" என்றார் கிராணி ஐயா.

கமலா அம்மா பக்கமும் குறைச்சல் இல்லை. ஜூலை கடைசியில் வேட்பாளராகக் களத்தில் இறங்கிய முதல் வாரத்திலேயே 20 கோடி டாலர் திரட்டியதாக அவர் கட்சிக்காரர்களே சொன்னார்கள். துளசேந்திரபுரம் கோயில் கல்வெட்டில் அவர் பெயருக்கு நேரே இருக்கிற நன்கொடை 5,000 ரூபாய், 2014-இல் கொடுத்தது. அதை ஐயாவிடம் சொன்னேன். "முதல் போட்டது நல்ல இடத்துலதான்" என்றார். முன்பு கலிபோர்னியாவில் தேர்தலுக்கு நின்றபோது சென்னையிலிருக்கும் சித்தியிடம் தேங்காய் உடைக்கச் சொல்லி, சித்தி 108 தேங்காய் உடைத்து, அவர் ஜெயித்தும் விட்டார் என்பது பழைய கதை. ஆனால் அங்கே மேடையில் அவர் பாப்டிஸ்ட் சபைக்காரர். தேங்காய் இந்தப் பக்கம், ஜெபம் அந்தப் பக்கம்.

அந்த நாட்டில் வேட்பாளர் தன் சாமியை வெளியே எடுத்துக் காட்டியே ஆகவேண்டும். 1960-இல் கென்னடி கத்தோலிக்கர் என்பதால், போப்பாண்டவர் சொல் கேட்டு ஆளமாட்டேன் என்று ஹூஸ்டனில் பாதிரிமார் கூட்டத்துக்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்து விவேக் ராமசாமி, இந்துவாக இருந்துகொண்டு எப்படி எங்களை ஆள்வாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அயோவாவில் ஊர் ஊராகப் பதில் சொல்லிவிட்டு ஜனவரியில் மூட்டை கட்டினார். சாசனத்தில் பதவிக்கு மதப் பரீட்சை கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பரீட்சையை ஓட்டர் வைத்துக்கொள்கிறார்.

இங்கே வேட்பாளரின் சாமி யாருக்கும் பெரிய விஷயமில்லை. யார் என்ன மதம் என்பது பிறப்புப் பத்திரத்திலேயே முடிந்துபோன சங்கதி. இங்கே வேட்பாளர்தான் நம் சாமியைப் பார்க்க வருகிறார். அதுவும் எப்போது வருகிறார் என்பதில்தான் விசேஷம்.

அத்தான், இந்தப் பக்கத்தில் ஒரு கொடுமையான உண்மை உண்டு. சட்டமன்ற உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் இங்கே 'ஒய்பி' என்பார்கள். ஒரு ஒய்பி உயிரோடு இருக்கும்வரை தோட்டத்துச் சாலையில் குழிதான். அவர் கண்ணை மூடினால் தார் வரும். சும்மா சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. 2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர், மலேசிய இந்தியர் காங்கிரஸான ம.இ.கா.வின் சிவலிங்கம் காலமானார், இடைத்தேர்தல். 2010 மார்ச்சில் உலு சிலாங்கூர் நாடாளுமன்ற உறுப்பினர் ஸைனல் அபிடின் அகமட் காலமானார், இடைத்தேர்தல். இந்த வருஷம் கோல குபு பாருவில் லீ கீ ஹியோங் காலமானார், மே 11-இல் இடைத்தேர்தல். மூன்றும் இந்த வட சிலாங்கூர் செம்பனைக் காட்டை ஒட்டித்தான். பாவம், மூவருமே பதவியில் இருக்கும்போது போனவர்கள். அவர்கள் ஆத்மா சாந்தியடையட்டும். ஆனால் லயத்து வீட்டில் இருப்பவனுக்குக் கண்ணீர் ஒரு கண்ணிலும் தெருவிளக்கு வெளிச்சம் மறு கண்ணிலும் விழுந்தால் அவன் என்ன செய்வான்?

ஈஜோக் கதையை இங்கே இன்னும் பேசுகிறார்கள். எங்கள் கோயிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொஞ்ச தூரம்தான். அப்போது ஆண்ட தேசிய முன்னணிக்கு ம.இ.கா.வின் கே. பார்த்திபன், எதிரே பெரிய கம்பெனித் தலைவராக இருந்த காலிட் இப்ராஹிம். அந்தப் பிரசார நாட்களில் வந்த மந்திரிகளை எண்ணினால் கோலாலம்பூரில் நாற்காலி துடைக்கக்கூட ஆள் மிச்சம் இருந்திருக்காது என்பார் கிராணி ஐயா. சாலை போட்டார்கள், விளக்குப் போட்டார்கள். மாலையில் கேட்டது மறுநாள் காலையில் வந்ததாம். பார்த்திபன் 1,850 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பணம் பேசிவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். பத்து மாதம் கழித்து, 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில், தோற்ற அதே காலிட் அதே ஈஜோக்கில் ஜெயித்து மாநிலத்துக்கே மந்திரி புசார், அதாவது முதல்வர், ஆனார். போட்ட தார் காய்வதற்குள் ஓட்டு மாறிவிட்டது. நம்ம ஊர்க் கட்சிக்காரர்கள் இதைப் படித்திருந்தால் எத்தனையோ பணக் கவர்களுக்கு ஒட்டிய பசை மிச்சமாகியிருக்கும்.

2010 உலு சிலாங்கூரில் இரண்டும் சேர்ந்தே வந்தன, சாமியும் காசும். எதிர்க்கட்சி வேட்பாளர் ஸைட் இப்ராஹிம் முன்னாள் சட்ட அமைச்சர், முஸ்லிம். அவர் குடிப்பவர் என்று எதிர்த்தரப்பு ஊரெல்லாம் பரப்பியது. முன்பு குடித்ததுண்டு, விட்டுவிட்டேன் என்று அவரும் மறைக்காமல் சொன்னார். அவருக்காக ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் இஸ்லாமியக் கட்சியான பாஸ் கட்சிக்காரர்களும் உண்டு! எதிரே நின்ற ம.இ.கா.வின் பி. கமலநாதன் இந்து. அவர் என்ன குடிப்பார் என்று யாருமே கேட்கவில்லை. நம் சாமிகள் இந்த விஷயத்தில் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன், முனியாண்டி நினைவுக்கு வர. காசுப் பக்கம் பிரதமர் நஜிப்பே இறங்கினார். ராசா என்ற சின்ன ஊரின் சீனப் பள்ளிக்கு 30 லட்சம் வெள்ளி, ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆள் ஜெயிக்கட்டும் என்ற நிபந்தனையோடு. கமலநாதன் 1,725 ஓட்டில் ஜெயித்தார்.

அதே 2010 ஜனவரியில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கம்பெனிகள் தேர்தலில் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே செலவு செய்கிறவன் பணக்காரன். அவன் காசு டி.வி. விளம்பரத்துக்குப் போகிறது, ஓட்டர் கையில் ஒன்றும் இல்லை. நம்ம ஊரில் கட்சிக்காரன் காசு ராத்திரியில் கதவிடுக்கில் வருகிறது. 2016-இல் நம்ம தஞ்சாவூருக்கும் அரவக்குறிச்சிக்கும் பணப் பட்டுவாடாவால் தேர்தலையே தள்ளி வைத்தார்களே, நீங்கள்கூட 'எங்க ஊருக்கு மட்டும் மரியாதை இல்லை' என்று குறைப்பட்டீர்கள். இங்கே வருவது அரசாங்கக் காசு. பட்டப்பகலில், போட்டோக்காரரோடு, கைதட்டலோடு வருகிறது. வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு உண்டு: சட்டமன்றத்துக்கு ஒரு லட்சம் வெள்ளி, நாடாளுமன்றத்துக்கு இரண்டு லட்சம். மந்திரி வந்து அறிவிக்கும் பள்ளியும் பாலமும் அந்தக் கணக்கில் ஏறாது. தேதி அறிவித்த நிமிஷத்தில் எல்லாம் நிற்க வேண்டும் என்ற நம்மூர் நன்னடத்தை விதி மாதிரிக் கட்டு இங்கே இல்லை.

மேலே மேலே போனால் தொகை வேறு மாதிரி. 2013 தேர்தலுக்கு முன்னால் நஜிப்பின் சொந்தக் கணக்கில் 260 கோடி வெள்ளி வந்து விழுந்தது. அரபு தேசத்து நன்கொடை என்றார்கள். தோட்டத்தில் பத்து வெள்ளி வரி கட்டாதவன் பெயரை மைக்கில் வாசிக்கிற எங்கள் தலைவருக்கு, ரசீது புத்தகம் இல்லாமல் இவ்வளவு பெரிய நன்கொடையா என்று இன்னும் ஆறவில்லை.

இனி நான் நேரில் கண்டது. கோல குபு பாரு இடைத்தேர்தல் எங்கள் தொகுதி இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்துக் கோயில் ஒன்றில் வரவேற்பு மேளத்துக்கு ஆள் பற்றவில்லை என்று எங்கள் தலைவருக்கு ஃபோன் வந்தது. அம்மனுக்குத்தான் வாசிக்கிறோம், அந்த நேரத்தில் யார் உள்ளே வந்தால் நமக்கென்ன என்று சட்ட விளக்கம் கொடுத்து, என்னையும் தம்பியையும் வேனில் ஏற்றினார். தொகுதியில் இந்தியர் ஓட்டு சுமார் 18 விழுக்காடு. அந்த இரண்டு வாரமும் அங்கிருந்த அம்மன்களுக்கு மாலை மாற்ற நேரமில்லை.

காலையில் ஒரு கட்சி. மல்லாரி வாசித்தோம். பரிவட்டம், மாலை, குத்துவிளக்கு, 'உங்கள் பிரச்சினை எங்களுக்குத் தெரியும்', நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். மத்தியானம் நடை சாத்தினால் வெளியே இன்னொரு கட்சி காத்துக்கொண்டு நிற்கிறது. அதில் மலாய்க்காரர்கள் அதிகம். அவர்கள் கோயில் வாசலிலேயே மரியாதையாகச் செருப்போடு நின்றுவிட்டார்கள், பந்தலில் மட்டும் உட்கார்ந்தார்கள். மாலை போடலாமா கூடாதா என்று அவர்களுக்குள் ஒரு கிசுகிசு. கடைசியில் சால்வை என்று முடிவாயிற்று. சால்வைக்கு மதமில்லை, அத்தான். இதைக் கண்டுபிடித்தவனுக்கு டத்தோ பட்டம் கொடுக்க வேண்டும்.

இந்தச் சமாசாரத்தில் ஒரு வேடிக்கை. சிலாங்கூரில் பள்ளிவாசலிலும் சூரா என்கிற சிறு தொழுகைக்கூடத்திலும் அரசியல் பேசக்கூடாது என்று சுல்தானின் உத்தரவு உண்டு. அதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். எங்கள் கோயிலுக்கு அப்படிச் சுல்தான் யாரும் இல்லை, நிர்வாகக் குழுதான் உண்டு. அமெரிக்காவிலும் வரிவிலக்கு வாங்கும் தேவாலயங்கள் வேட்பாளரை ஆதரிக்கக்கூடாது என்று 1954-இல் சட்டம் போட்டார்கள். மலேசியாவின் தேர்தல் குற்றச் சட்டமும் அதே 1954-இல் பிறந்தது. ஓட்டரை ஆன்மிகத் தண்டனை சொல்லி மிரட்டினால் குற்றம், விருந்து வைத்தால் குற்றம் என்றெல்லாம் அதில் இருக்கிறது என்று கிராணி ஐயா படித்துச் சொன்னார், நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே.

எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கும் ஒரு காசோலை வந்தது. அட்டையில் செய்தது. நீளம் ஆறடி இருக்கும், நம்ம வீட்டுக் கதவளவு. அதில் பத்தாயிரம் வெள்ளி என்று எழுதியிருந்தது. ஒரு முனையைத் தலைவர் பிடிக்க, மறுமுனையை வந்தவர் பிடிக்க, நடுவில் அம்மன் தெரியவில்லை என்று போட்டோக்காரர் கொஞ்சம் இறக்கச் சொன்னார். நான் வாசித்துக்கொண்டே பார்த்தேன், அம்மன் முகத்துக்கு நேரே முதல் சைபர். அவர்கள் போனபிறகு அட்டையை எங்கே வைப்பது என்று குழுக்கூட்டம் நடந்தது. உண்மையான பணத்துக்கு சங்கப் பதிவு, தணிக்கைக் கணக்கு, நிலப் பத்திரம் கேட்டார்கள். நிலப் பத்திரத்துக்கு எங்கே போவது? தோட்டம் கைமாறிக் கைமாறி, அம்மன் உட்கார்ந்திருக்கும் இடம் எந்தக் கம்பெனியுடையது என்று அம்மனுக்கே தெரியாது. இந்தக் கடிதம் எழுதும்வரை பணம் வரவில்லை. அட்டை மட்டும் மடப்பள்ளியில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே தடுப்பாக நிற்கிறது. அந்த மட்டுக்கு உபயோகம்தான்.

இத்தனை கூத்திலும் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் என்று ஐந்து தோட்டங்கள். அங்கே பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் தேய்ந்தவர்கள் 245 குடும்பம். தோட்டம் விலைபோன காலத்திலிருந்து சொந்த வீடு, சொந்த வீடு என்று எத்தனையோ தேர்தல்களாகக் கேட்டு வருகிறார்கள். கேட்டவர்களில் பலர் காலமாகி, பிள்ளைகள் கேட்கிறார்கள். கோல குபு பாரு இடைத்தேர்தல் நெருங்கும்போதுதான் வீடு கட்டித்தரும் திட்டம் மந்திரிகள் வாயில் வேகமாக வந்தது. இது தேர்தல் லஞ்சமா, நியாயமா என்று பேப்பரில் சண்டை. லஞ்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அத்தான். இருபது வருஷத்துக்கு மேல் தராமல் இருந்ததற்கு என்ன பெயர்?

கோபத்தில் பினாங்கு முன்னாள் துணை முதல்வர் பேராசிரியர் ராமசாமி போன்றவர்கள் ஆளும் கூட்டணிக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று தமிழர்களிடம் சொல்லிப் பார்த்தார்கள். ஆனாலும் அந்தக் கூட்டணியின் ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) வேட்பாளர் பாங் சொக் தாவ் சரியாக 14,000 ஓட்டு வாங்கி, 3,869 வித்தியாசத்தில் ஜெயித்தார். சால்வை போட்டவர் மாலை போட்டவர் எல்லோருக்கும் வாசித்தது நாங்கள்தான், ஆகையால் வெற்றி எங்கள் மல்லாரியால் என்று இரு தரப்பும் சொல்ல முடியாது.

பணம் கொட்டினால் ஓட்டு விழும் என்று இனி யாராவது சொன்னால் கோல சிலாங்கூரைக் காட்டுங்கள். 2022 நவம்பரில் இங்கே நின்றவர் நாட்டின் நிதி அமைச்சர் தெங்கு ஸஃப்ருல், வங்கித் தலைவராக இருந்தவர். அடுத்த வருஷத்து நாட்டு வரவு செலவையே எழுதிய கை. 1,002 ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் டாக்டர் ஸுல்கிஃப்லி. அவர் 2008-இல் பாஸ் கட்சியின் நிலாச் சின்னத்தில் இதே தொகுதியில் ஜெயித்தவர். மலேசிய இந்தியர்கள் உரிமை கேட்டுத் திரண்ட ஹிண்ட்ராஃப் பேரணி முடிந்து நாலு மாதம்கூட ஆகாத நேரம். கோயில் இடிபட்ட ஆத்திரத்தில் நம்மவர்கள் இஸ்லாமியக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள், யோசித்துப் பாருங்கள். அப்போது ஓட்டுப் போட்ட லயத்துப் பாட்டி ஒருவர் அம்மனுக்குப் பூ கட்டிக்கொண்டே எனக்குக் கணக்குச் சொன்னார்: "சிவன் தலையில நிலா இருக்குதா இல்லையா? பெறகென்ன தம்பி?" மதம் பற்றி அயோவாவில் விவேக் ராமசாமியைக் கேட்டவர்கள் இந்தப் பாட்டியிடம் ஒரு வாரம் பூ கட்ட வரலாம்.

அதே பாட்டியிடம், எல்லாக் கட்சியிடமும் அரிசி மூட்டை வாங்குகிறீர்களே, ஓட்டு யாருக்கு என்று கேட்டேன். "அரிசி நம்ம வரிப்பணம், ஓட்டு நம்ம ரகசியம்" என்றார். நான் பார்த்தவரைக்கும் இந்தத் தோட்டத்துச் சனம் விலைபோன சனம் இல்லை. சாமி பெயரைச் சொன்னாலும் காசைக் காட்டினாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, ஓட்டுப் பெட்டி முன்னால் தனியாக நிற்கத் தெரிந்தவர்கள். ஏமாறுவது ஓட்டில் இல்லை, அடுத்த சாவு வரைக்கும் காத்திருப்பதில்தான்.

நவம்பரில் கமலா அம்மா ஜெயித்தால் துளசேந்திரபுரத்துக்கு நல்ல சாலை வருமா என்று கேட்டிருந்தீர்கள். வராது. அது வெள்ளை மாளிகை கையில் இல்லை, நம்ம பஞ்சாயத்து ஒன்றியத்தின் கையில் இருக்கிறது. மனுக் கொடுங்கள்.

ஒரு முக்கியமான வேண்டுகோள். இந்த வருஷ வரவேற்புகளில் என் நாதஸ்வரச் சீவாளியெல்லாம் தேய்ந்துவிட்டது. இங்கே நல்லது கிடைக்காது. திருவாவடுதுறைக்கு ஆள் போகும்போது ஒரு டஜன் வாங்கி, ஐப்பசியில் இங்கே வரும் குருக்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள். பணம் அனுப்பிவிடுகிறேன். அட்டையில் இல்லை, வங்கி வழியாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்